மஞ்சள் துணிக்குப் பின்னால்

என் அம்மாவுக்கு,

படூரில் நீ பெருக்கிய அடுக்குமாடிக் குடியிருப்பை, நீ போன பிறகு நான்தான் பெருக்குகிறேன். பத்தாவதோடு நின்றுவிட்டேன். கோபப்படாதே, தங்கச்சி படிக்கிறாள்.

வாசல் கேட் பக்கத்து வேப்பமரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் பச்சையாகத்தான் இருந்தது. பெருக்குகிற எனக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. மாசியில் கொட்டும் இலை இந்தத் தடவை மழைக்காலத்திலேயே கொட்டியது. காற்றில்லாத நாளிலும் காய்ந்த குச்சிகள் விழுந்தன. அடிமரத்தில் காது மாதிரி ஒரு காளான். தினமும் ஒரே இடத்தில் மரத்தூள். எனக்கு அம்மை போட்டபோது நீ மரத்தைச் சுற்றிக் கட்டினாயே, அந்த மஞ்சள் துணிக்குள்ளிருந்துதான் தூள் வந்தது.

காலையில் பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்கு அங்கேதான் நிற்பார்கள். நான் யாரிடம் போய்ப் பேசுவேன்? வீட்டுக்கு ஆள் வந்தாலே கதவுக்குப் பின்னால் போகிறவள். நான்கு நாள் பேசாமல் பெருக்கினேன். ஐந்தாம் நாள், வேன் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், என் கை தடிமனுக்கு ஒரு கிளை விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு செகரட்டரி சாரிடம் போனேன்.

"மரம் பச்சையாத்தானேம்மா இருக்கு?"

"துணிய அவுத்துப் பாக்கணும் சார்."

வாட்ச்மேன் அண்ணாத்த பதறினார். "அம்மன் துணி அது! நானே செருப்ப கயட்டிட்டுத்தான் தாண்டிகினு போறேன். எவன் கை வெப்பான்?"

"எங்கம்மா கட்னது. நான் அவுக்கறேன்."

முடிச்சு இறுகிக் கிடந்தது. அறுக்க மனசு வரவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தேன். துணியோடு பட்டையும் உரிந்து வந்தது. உள்ளே பொந்து. மணிக்கட்டு வரை கை போனது. மரம் ஊறின ரஸ்க் மாதிரி இருந்தது.

"இன்னாம்மா இது, வெறும் கூடா கீது!" என்ற அண்ணாத்த, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சைத் தானே தள்ளிப் போட்டார்.

மறுநாள் மரம் வெட்டுகிறவர் வந்து வேன் நிற்கும் பக்கத்துப் பெரிய கிளைகளை இறக்கினார். மிச்சத்தை விட்டுவைக்கலாம், ஆனால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

நீ போட்ட முடிச்சை அவிழ்த்ததில் உனக்கு வருத்தமா அம்மா?

துணியைத் துவைத்துவிட்டேன். மறுபடி கட்டச் சொல்கிறார் அண்ணாத்த. கட்டுகிறேன், சுருக்கு முடிச்சாக. வெள்ளிக்கிழமைதோறும் அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கட்டுவேன். மரம் இனி நிற்காது என்று தெரிகிற அன்றைக்கு, அதையும் நானே போய்ச் சொல்வேன். நான்கு நாள் காத்திருக்க மாட்டேன்.

நீ அம்மனிடம் கேட்டு வாங்கிய
உன் பெரிய பொண்ணு