பெண் வேடத்தில் பெண்ணே

ஆகஸ்ட் 4, 1957, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பஸ் உடுப்பு காயவில்லை. நாளைக்கு ஈரத்தோடுதான் டிக்கட் கிழிக்க வேண்டும்.

மாலை, கோயில் பின்கொட்டகையில் மெர்டேக்கா சுதந்திர நாள் நாடக ஒத்திகை. செயலாளர் ஆறுமுகம் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "நாடு சுதந்திரமாவப் போவுது. இன்னும் ஆம்பளைக்குச் சேலை கட்டி நிறுத்தினா மத்தவங்க சிரிக்க மாட்டாங்களா? ராணி வேஷத்துக்குத் தையல் டீச்சர் சரோஜாவக் கேட்டிருக்கேன். வேலு, நீ மந்திரி."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கங்கெட்டவன். ஏழு வருஷமாக ராணி நான்தான்.

ஆகஸ்ட் 7, புதன்

சரோஜா புக்கிட் பாருவிலிருந்து தன் அப்பாவோடு ஒத்திகைக்கு வந்தாள். சொந்த முடி, இடுப்புக்குக் கீழே. எனக்கு டோப்பா. குரலும் சொந்தம். நான் மூன்று நாள் சுக்குத் தண்ணீர் குடித்தால்தான் குரல் மெலியும். ஒன்றும் செய்யாமலே எல்லாம் இருக்கிறது அவளுக்கு. பொறாமையா? ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது.

மங்களம் சோறு போட்டுக்கொண்டே, "போனா போவட்டும் விடுங்க. இனிமே என் சேலையாவது எனக்கு மிஞ்சும். ஒரு வேஷத்துக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

வேஷமாம். காக்கி போட்டுக்கொண்டு "ஏறு, ஏறு" என்று கத்துகிறேனே, அது என்னவாம்? சேலை கட்டி நிற்கும்போதுதான் இந்த உடம்பு எனக்குச் சொந்தமாக இருக்கிறது. பெண்டாட்டியிடம் இதைச் சொல்ல முடியுமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள்.

உப்பு, விளக்குத் திரி வாங்க மறந்துவிட்டேன். அதற்கும் திட்டு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நோட்டீஸ் வந்தாயிற்று. மஞ்சள் தாள். "புதுமை! பெண் வேடத்தில் பெண்ணே தோன்றுகிறார்!" என் பெயர் கடைசியில், பொடி எழுத்தில்.

சரோஜா நடந்து காட்டியதும் ஆறுமுகம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, ஏம்மா வேலு மாதிரியே நடக்கிற? பொம்பள மாதிரி நடம்மா!"

"ராணின்னா இப்படித்தானே அண்ணே நடப்பாங்க? வருஷா வருஷம் பொம்பளைங்க பக்கம் உட்கார்ந்து பாத்திருக்கேனே."

வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, திரும்பும்போது முந்தானையை இரண்டு விரலால் பிடித்து. என் நடை. கண்ணாடி முன்னால் நின்று நின்று நானே கண்டுபிடித்தது. அதையும் எடுத்துக்கொண்டாளே பாவி! கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதனால் எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

நேற்று நாடகம். திடல் கொள்ளாத கூட்டம். எங்கும் கொடி. காது கிழிய வெடி. எனக்கு ஒட்டுத் தாடி, மீசை, ஓயாத அரிப்பு. சிறைக் காட்சியில் சரோஜா அழுதாள், பெண்கள் பக்கம் முழுக்க மூக்கைச் சிந்தியது. நன்றாக நடித்தாள். எழுதக் கை வரவில்லை. ரொம்ப நன்றாக.

தலைவலி என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

வெயில். காஜா பேராங் நிறுத்தத்திலேயே பஸ் நிறைந்துவிட்டது. பாசாரில் கீரை விற்கும் அஞ்சலையக்கா ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய் வேலு, அழ வச்சிட்டியேடா! அதே நடை. குரலு மட்டும் இந்த வருஷம் இன்னும் மெலிசு. எப்படிடா?"

பக்கத்திலிருந்தவள், "நோட்டீஸ்ல பொண்ணுன்னு போட்டிருந்தாங்களாமே?"

"அது ஆள் சேர்க்க லா! நல்ல குடும்பத்துப் பொண்ணு மேடை ஏறுமா?"

இரண்டு இருக்கை பின்னால் சரோஜா. மடியில் தையல் பை, சாதாச் சேலை. யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் உண்மையைச் சொல்லவில்லை என்று எழுதலாம். பொய்.

"இந்த வருஷம் ரொம்பப் பாடுபட்டேன்க்கா," என்றேன். வயிறு குளிர்ந்துவிட்டது.

தெங்கேராவில் சரோஜா இறங்கினாள். படியில் நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அப்போ மேடையில நின்னது யாருண்ணே?"

மணியை அடித்தேன். பஸ் கிளம்பிவிட்டது.