தாளி எடுத்த வாரம்

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. வலியசாலைத் தெருவில் கணுக்கால் தண்ணீர். கழக்கூட்டம் பஸ் தாமதம். கம்பெனியில் ஷாம்புக்கான பூந்திக்கொட்டைச் சாறு நன்றாக நுரைக்கிறது; முடியைத்தான் சணலாக்குகிறது. செம்பருத்தி இலை சேர்க்கலாம் என்றேன். ஆய்வகத்தில் உடன் வேலை செய்யும் ஷீஜா: "அதினு தாளின்னு பேருண்டு சேச்சி. எல கசக்கின கொழகொழப்பு." சரியாக வருமோ என்று அவளுக்குப் பயம். வீட்டில் செய்து பார்க்க வேண்டும்.
வாங்க: வடிதுணி, உளுந்து, கரண்ட் பில்.

ஜூன் 10
காலையில் இலை கசக்கி வடித்தேன். ஷீஜாவுக்கு ஃபோன்: "தாளி எடுத்தாச்சு. இனி பேடிக்கண்டா." பின்னால் என் கணவர். திருநெல்வேலிக்காரர், இருபது வருடம் இங்கே இருந்தும் மலையாளம் கடைவீதி அளவுக்குத்தான்.
"தாலி எடுத்தாச்சா? எவன்ட்டி அவன், பயப்படாதேன்னு சொல்லுத?"
"தாலி இல்லங்க, தாளி. தலைக்குத் தேய்க்கிறது."
"கழுத்துல கிடக்கான்னு பாக்கேன்."
தாலிச் சங்கிலியை முறுக்கினார். ஒரு சுற்று. இரண்டு. கண் இருண்டது. விட்டார். பிறகு தோசை சாப்பிட்டார். சட்னி கேட்டார். வைத்தேன். வைத்ததுதான் அதிகம் வலிக்கிறது.

ஜூன் 11
வெயில். கழுத்தில் துப்பட்டா. அதை விலக்கிப் பார்த்த ஷீஜாவிடம் அலர்ஜி என்றேன்.
"அலர்ஜி இத்ர நேரா கோடு போடுமோ சேச்சி?"
துப்பட்டாவை இழுத்துவிட்டேன். அடுத்த முறை மூன்றாவது சுற்று வந்தால் நான் இல்லை. அதற்கு முன் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

ஜூன் 12
மீதித் தாளியை என் தலையிலேயே தேய்த்துப் பார்த்தேன், பின்கட்டில் துணி துவைக்கிற கல் பக்கம். காபி ஆறிவிட்டதென்று வந்தார். முடியைப் பிடித்தார். கை வழுக்கியது. மறுபடி பிடித்தார், வழுக்கியது. மூன்றாம் முறை முழு பலத்தோடு இழுத்தார். சிந்திக்கிடந்த தாளியில் அவர் கால் வழுக்கிப் பின்மண்டை கல்லில். பச்சைக் கொழகொழப்பில் ரத்தம்.
சந்தோஷமாக இருந்தது. இங்கேயும் பொய் எழுதுவானேன். கையில் பித்தளைச் செம்பு. ஓங்கினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் ஓங்கியபடி நின்றேன், தெரியவில்லை. கீழே வைத்துவிட்டு ஆட்டோ கூப்பிட்டேன்.
ஆஸ்பத்திரி. ஆறு தையல். தலையை அலசாமலே போயிருந்தேன், காய்ந்து இழுத்தது. தையல் போட்ட பெண் டாக்டர், சின்ன வயது, என் கழுத்தைப் பார்த்தாள்.
"இது எந்தா?"
"செயின் உரசினது டாக்டர்" என்றார் அவர்.
"நிங்ஙளோடல்ல சோதிச்சது." கேட்டது அவரை இல்லையாம்; என் பக்கம் திரும்பினாள்.
"இவர் முறுக்கினது" என்றேன். தமிழில்தான் வந்தது. அவளுக்குப் புரிந்தது. போலீசுக்குப் போகிற வேறொரு தாளை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தாள்.
எங்கள் இரண்டு பேர் பெயரையும் சொன்னேன், எழுத்துக்கூட்டி.