ஆற்றில் விழுந்த மெஷின்

யட்டியாந்தோட்டை
4.6.1928

அன்பு மிக்க ஹலீம் நானாவுக்கு, தங்கை றுகையா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் மகள் றஹ்மாவும் சுகம். உங்களுக்கும் மதினிக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் அதே சுகத்தைத் தரட்டும். தோட்டத்தில் உங்கள் வீட்டில் இருந்த ஐந்து கிழமையும் மதினி என்னைத் தேங்காய் திருவக்கூட விடவில்லை. தையல்காரிக்கு விரல் நோகக் கூடாதாம். இங்கே எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நானா, தையல் மெஷின் விஷயம் என்னவாயிற்று? வெள்ளம் வற்றிய பிறகு பாறை இடுக்கிலிருந்து எடுத்துச் சாக்கில் கட்டித் தந்தீர்களே, அதை இங்கே மெஷின் திருத்தும் பாஸிடம் காட்டினேன். கழுத்து உடைந்துவிட்டது, பழைய இரும்பாகத்தான் விற்கலாம் என்றார். றஹ்மாவின் வாப்பா மௌத்தாகி மூன்று வருஷம். அவர் எங்களுக்கு விட்டுப் போனது அந்த மெஷின் ஒன்றுதான். ஹஜ்ஜுப் பெருநாளைக்குத் தைக்க வந்த துணிகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

துரை பங்களாவின் திரைச்சீலைகளை உங்கள் வீட்டிலிருந்தே தைத்துத் தருகிறேன் என்று நான் சொன்னேன். துரைசானி தன் கண் முன்னால் தைக்கச் சொல்கிறார், மெஷின் பங்களாவுக்குப் போகட்டும் என்றீர்கள். தோட்டக் கூலியாள் மூக்கையா அதைத் தலையில் வைத்து மரப்பாலத்தைக் கடக்கும்போது வழுக்கி விழுந்தான் என்று நீங்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும். செக்ரோல் கூலிப் பதிவில் என் பேர் எழுதிச் செய்த வேலை அது. வேலையில் போன சாமானுக்குத் தோட்டம் ஒரு வழி செய்யாதா? குறையாகச் சொல்லவில்லை. கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

உங்கள் தங்கை,
றுகையா

தோட்ட ஆபீஸ், தெரணியகலை
15.6.1928

அன்புத் தங்கை றுகையாவுக்கு, வஅலைக்கு முஸ்ஸலாம்.

உன் கடிதம் வந்தது. ஆபீஸ் கிளாக்கர் என்றால் நினைத்த நேரம் துரையிடம் போய்ப் பேசலாம் என்று நினைக்கிறாய். அவர் நல்ல முகத்தோடு இருக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன். கூலிக்கு வருகிறவர் தன் சாமானைக் கொண்டு வந்தால் அதற்குத் தோட்டம் பொறுப்பில்லை என்று முதலில் ஒரேயடியாக மறுத்துவிட்டார். நான் விடவில்லை. துரைசானி கேட்டுத்தானே மெஷின் போனது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறார்.

இத்தோடு ஒரு கடுதாசி வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் இருக்கிறது. மெஷின் தோட்ட வேலையில் போனது, அதற்கு ஈடு வேண்டும் என்பதுதான் விஷயம். பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து வைத்து உடனே அனுப்பு. அதை அங்கே இங்கே காட்டி நாளைப் போக்காதே.

மதினி உன்னைத் தேடுகிறாள்.

இப்படிக்கு,
ஹலீம் நானா

யட்டியாந்தோட்டை
19.6.1928

அன்பு நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கையெழுத்து வைத்து அனுப்புகிறேன். எனக்கு அரபுத்தமிழ்தான் வரும், அரபு எழுத்தில்தான் தமிழ் எழுதுவேன். அந்த எழுத்தில் வைத்தால் துரை ஏற்பாரோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

மூக்கையாவின் முழங்கால் எப்படி? அன்றைக்கு வாசலில் நொண்டிக்கொண்டு வந்து நின்று, தன் பிள்ளை ஆற்றில் போனது மாதிரி அழுதான். அவனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் நான் உள்ளே போய்விட்டேன். எனக்கு அவன் மேல் கோபம் இல்லை என்று சொல்லுங்கள்.

றுகையா

தோட்ட ஆபீஸ், தெரணியகலை
9.7.1928

அன்புத் தங்கைக்கு,

அல்ஹம்துலில்லாஹ். உன் காரியம் முடிந்தது. இந்தக் கடிதம் கொண்டு வரும் ஆளிடம் அறுபது ரூபாய் கொடுத்திருக்கிறேன். புது மெஷின் வாங்கப் போதாது. கேகாலையில் பழையது ஒன்று பார்க்கலாம். இந்தத் தோட்டத்தில் ஒருவருடைய சொந்தச் சாமானுக்கு ஈடு கொடுத்தது இதுதான் முதல் தடவை. உன் நானா இங்கே இருந்ததால் நடந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். தோட்டம் காசு கொடுத்தது என்று கடைத்தெருவில் பேசாதே. நாளைக்குக் கம்பளி கிழிந்தவனும் கத்தி தொலைத்தவனும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள்.

மூக்கையா வேலைக்குப் போகிறான். அவனைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஹலீம் நானா

யட்டியாந்தோட்டை
5.11.1928

அன்பு நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான்கு மாதமாக வாரம் தவறாமல் உங்களுக்கு துஆ கேட்டேன். மெஷின் கிடைத்தது, பழையது என்றாலும் நன்றாக ஓடுகிறது. தீபாவளி நெருங்கியதால் தோட்டத்துப் பெண்கள் ரவிக்கைத் துணியோடு வந்துகொண்டே இருக்கிறார்கள்.

நேற்று மூக்கையாவின் பெண்சாதி சுப்பம்மா வந்தாள். கையில் துணி இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இந்த வருசம் எங்களுக்குத் தீவாளி இல்லீங்கம்மா. மாசம் நாலு ரூவா புடிக்கிறாங்க. பெரிய மனசு பண்ணி ரெண்டு ரூவாயாப் புடிக்கச் சொல்லுங்க. புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க" என்றாள்.

"எதுக்குப் புடிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஒங்க மிசினுக்குத்தாங்க. எம் புருசன் கள்ளு குடிச்சிட்டு வந்து போட்டுட்டான்னு நீங்கதானே எழுதிக் கையெழுத்து வச்சிக் குடுத்தீங்க? ஆபீசுல படிச்சிக் காட்டுனாங்க."

நான் அப்படி எழுதவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. அவளுடைய முகத்தில் அது தெரிந்தது. பிறகு சொன்னாள்:

"அன்னிக்கு அவரு குடிக்கலீங்க. தண்ணி பாலத்து மேல ஏறி ஓடுது, நாளைக்குக் கொண்டு போறேன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. கிளாக்கரய்யாதான், துரைசானி காத்துக்கிட்டு இருக்காங்க, போடா நாயேன்னு அனுப்புனாரு. நான் பக்கத்துலதாங்க நின்னேன்."

நானா, இதில் ஒன்றும் உண்மை இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அது வரும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

றுகையா

தோட்ட ஆபீஸ், தெரணியகலை
12.11.1928

தங்கைக்கு,

ஒரு லயத்துப் பெண் சொன்னதைக் கேட்டு என்னிடமே விளக்கம் கேட்கிறாய். சரி, சொல்கிறேன்.

மெஷினுக்கு யார் பொறுப்பு என்று துரை கேட்டார். தோட்டப் பணம் ஒரு சதமும் தர மாட்டேன், அனுப்பியவன் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் போட்டவன் கொடுக்கட்டும் என்றார். அனுப்பியது நான். என் சம்பளத்தில் பிடித்தால் பிடித்ததோடு நிற்காது. வெள்ளத்தில் ஆளை அனுப்பிய கிளாக்கர் என்று புத்தகத்தில் ஏறிவிடும். எனக்கு நான்கு பிள்ளைகள். நீயும் அன்றைக்கு வாசலில் நின்று மெஷின், மெஷின் என்று அழுதாய். உன் அழுகையைப் பார்த்துத்தான் செய்தேன். வேறு யாருக்காகச் செய்தேன்?

அவன் மாசம் நாலு ரூபாய் கொடுத்தால் அடுத்த வருஷம் முடிந்துவிடும். அவர்களுக்குப் பட்டினி புதிது இல்லை. நீ இதைக் கிளறினால் உனக்கும் நல்லதில்லை, கடுதாசியில் உன் கையெழுத்துத்தான் இருக்கிறது. மறந்துவிட்டுத் தைக்கிற வேலையைப் பார். நோன்புக்கு இங்கே வந்து இரு.

ஹலீம்

யட்டியாந்தோட்டை
2.12.1928

ஹலீம் நானாவுக்கு,

வியாழக்கிழமை நான் பங்களாவுக்கு வந்து நின்றதைப் பார்த்ததும் உங்களுக்கு வேர்த்துப் போனது. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் என்னைத் துரையிடம் போக விட்டிருக்க மாட்டீர்கள். அதனால்தான் சொல்லாமல் வந்தேன்.

துரை நான் சொன்னதைப் பாதிவரை கேட்டார். அந்தக் கடுதாசியை எடுத்து என் முன்னால் வைத்து, "இது ஒன் கையெழுத்துத்தானே?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு உங்களைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு இங்கிலீஷிலேயே பதில் சொன்னீர்கள். துரை என்னைப் பார்த்த பார்வை அப்போதே மாறிவிட்டது. "நீ வீட்டுக்குப் போ" என்று மெல்லச் சொன்னார், காய்ச்சல்காரியிடம் சொல்வது போல.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் துணைக்கு வந்து படியில் நின்ற நுஹ்மான் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார். பஸ் ஏறியதும் நான் விடாமல் கேட்ட பிறகு சொன்னார். புருஷன் மௌத்தான நாளிலிருந்து என் தங்கைக்குப் புத்தி சரியில்லை, அவள் பேச்சைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்று சொன்னீர்களாம்.

றஹ்மாவின் வாப்பா மௌத்தான அன்று கபுறுக்குழியில் இறங்கி அவரை வைத்தது நீங்கள். அந்த நாளைச் சொல்லியா நீங்கள் தப்ப வேண்டும்?

நேற்றுச் சம்பள நாள். வழக்கம் போல் நாலு ரூபாய் பிடித்தார்கள். ஆள் விட்டுச் சுப்பம்மாவைக் கூப்பிட்டு அந்த நாலு ரூபாயை அவளிடம் கொடுத்தேன். இதுவரை பிடித்ததையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பேன் என்றேன். வாங்கிக்கொண்டாள். நன்றி என்று சொல்லவில்லை. கள்ளு என்று எழுதியது நானில்லை என்று மறுபடி சொன்னேன். "சரிங்கம்மா" என்றாள். அவ்வளவுதான். அவள் இன்னமும் நம்பவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க மூக்கையா பெரட்டில் நிற்கும்போது குடிகாரன் என்று மற்றவர்கள் சிரிக்கிறார்களாம். அதற்கு நான் எதைக் கொடுப்பது?

மதினியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் கேட்டால் நீங்களே ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

நோன்புக்கு வர மாட்டேன். பெருநாளைக்கும் வர மாட்டேன். கடிதம் எழுத வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லித் தபால் கந்தோரில் சொல்லிவிட்டேன்.

றுகையா