பாய்மரத்தில் வரவேண்டிய தாய்மாமன்

வைகாசி 6, செவ்வாய்

கொளுத்தும் வெயில். விளாங்குடி மொட்டை மாடியில் கால் வைத்தால் உள்ளங்கால் தோசை. காற்று: துளிகூட இல்லை. கொடியில் என் வேட்டி கோயில் சிலை மாதிரி அசையாமல். அதைப் பார்த்துத்தான் அரபிக்கடல் காற்றைக் கணக்குப் போடுகிறேன்.

கதிரிடமிருந்து இன்றும் போன் இல்லை. அக்கா மகன். ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் பாய்மரப் படகில் சமையல்; சமயத்தில் கயிறும் இழுப்பான். கோவா, லட்சத்தீவு, இலங்கையில் காலி என்று ஒவ்வொரு கரையிலிருந்தும் போட்டோ அனுப்புவான். நான் தெரு முழுக்கக் காட்டி, படகே அவனுடையது, நடுக்கடலில் திமிங்கலத்துக்குப் பரோட்டா போட்டான், அது சால்னா கேட்டது என்றெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். இஸ்திரிக்காரர் நம்பிவிட்டார்.

கடைசியாக மாலத்தீவிலிருந்து ஒரு குரல்பதிவு. "மாமா, பாய் விரிச்சாச்சு. கொச்சியில இறங்கி நேரா பஸ்தான். காதுகுத்துக்கு வந்துருவேன், அம்மாகிட்ட சொல்லு." பின்னால் பாய் படபடவென்று அடிக்கிற சத்தம். இன்று பலதடவை போட்டுக் கேட்டாயிற்று.

செய்ய: பந்தல்காரர். பூமாலை. ஆசாரிக்கு நினைவூட்டல். அக்காவைச் சாப்பிட வைத்தல் (முடியவில்லை).

வைகாசி 7, புதன்

டிவியில் அரபிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு. அக்கா அடுப்படியிலிருந்து வருமுன் கேபிள் வயரைப் பிடுங்கிவிட்டேன். எலி கடித்துவிட்டது, கன்றுக்குட்டி சைஸ் எலி என்றேன். அவள் வயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நிம்மதி.

எங்கள் புத்தியே புத்தி. அக்கா மகள் வள்ளியின் குழந்தை, பேத்தி யாழினிக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து. வள்ளியின் கூடப்பிறந்தவன் கதிர் ஒருவன்தான், அவன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். அதற்காக அவன் வரும் நாளைப் பார்த்து முகூர்த்தம் குறித்தோம். பாய்மரத்துக்கு, ஏதோ திருமங்கலம் டவுன் பஸ் மாதிரி. பூக்கட்டும் நூலை வரைபடத்தில் வைத்து அளந்து, மாலத்தீவு கொச்சிக்கு ஒரு சாண்தான் என்று சபையில் அறிவித்த மாலுமி அடியேன்.

பூமாலைக்குச் சொல்ல வண்டியூர்ப் பக்கம் போனவன் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கிடைத்த சமுத்திரம் இதுதான். சுண்டல்காரர், "என்னண்ணே, யாரையும் தேடுறீகளா?" இல்லை என்று சுண்டல் வாங்கினேன். தின்ன முடியவில்லை. மாலைக்குச் சொல்ல மறந்து வீடு வந்தேன்.

வைகாசி 8, வியாழன்

காற்று வந்துவிட்டது. வேட்டி பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில். நேற்றுவரை காற்று இல்லையே என்று கும்பிட்டேன். இன்று போதும் என்று கும்பிடுகிறேன்.

கொச்சித் துறைமுகத்துக்குப் போன். படகின் பெயர் கேட்டார்கள். பிரெஞ்சுப் பெயர்; என் வாயில் அது வேறு ஏதோவாகப் போனது. அப்படி ஒன்று வந்து சேரவில்லை என்றார் ஒருவர், மலையாளத்தில், மரியாதையாக. அந்த மரியாதைக்குப் பிறகு இன்னொரு கேள்வி கேட்காமல் போனை வைத்துவிட்டேன்.

சாயந்தரம் சம்பந்தி, வள்ளியின் மாமனார். பையன் வராவிட்டால் என்ன, நீங்க வள்ளிக்குத் தாய்மாமன், உங்க மடியில வைப்போம் என்றார். முறைப்படி சரிதான். ஆனால் நான் உட்கார்ந்தால், அவன் வரமாட்டான் என்று சொந்தபந்தம் மொத்தத்துக்கும் முன்னால் நானே சொன்னதாகும். முட்டியில் வாதம், மடக்கினால் வெடிச்சத்தம் கேட்கும் என்றேன். சம்பந்தி சிரித்தார். நான் விளையாட்டுக்காரன்; என் உண்மைக்கும் சிரிப்பார்கள்.

வைகாசி 9, வெள்ளி

திருமங்கலம் தாண்டி, குலசாமி கோயில். காற்றில் பந்தல் துணி படபடவென்று. குரல்பதிவில் கேட்ட அதே சத்தம். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவளும் ஒளித்துவைத்துக் கேட்டிருக்கிறாள் போல.

அவன் வரும்வரை நேரம் கடத்த நான் செய்தவை: பூசாரியிடம் மழை வரும், சாமியைக் கேளுங்கள் என்றது. வேன் சாவியைத் தொலைத்தது. கடைசியாக ஆசாரியின் ஊசிப் பெட்டியை ஒளித்தது.

ஆசாரி வந்து பக்கத்தில் குனிந்தார். "அண்ணே, பெட்டிய எடுத்தது நீங்கதான். குடுத்துருங்க. எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு."

குழந்தை மொட்டைத் தலையில் சந்தனம் வழிய அழுகிறது. முகூர்த்தம் முடியப்போகிறது. அக்கா, "உக்காருடா தம்பி. புள்ள அழுகுது." அவ்வளவுதான்.

பெட்டியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். முட்டி வெடிக்கவில்லை. யாழினி என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். வலது காது. ஊர் கேட்க அலறல். ஆசாரி இடது பக்கம் திரும்பினார். என் உள்ளங்கை தானாகப் போய் அந்தக் காதை மூடிக்கொண்டது.

"இது கதிருக்கு."

"என்னப்பா விளையாட்டு இது," என்றார் சம்பந்தி. "ஒத்தக் காதோட புள்ளைய எப்பிடிக் கூட்டிட்டுப் போறது?"

வாய்க்கு ஒரு பொய்கூட வரவில்லை. கையை எடுக்கவில்லை. அக்கா வந்து ஊசிப் பெட்டியை மூடி ஆசாரி கையில் கொடுத்தாள்.

"அவன் வரவும் சொல்லி அனுப்புறோம். நீங்க இலையில உக்காருங்க."

அவளும் உட்கார்ந்தாள். இரண்டு கை சோறு.

வீடு வந்தாயிற்று. குழந்தை ஒற்றைக் கம்மலோடு தூங்குகிறது. மற்றது என் சட்டைப்பையில், போனோடு கிடக்கிறது. பக்கத்து வீட்டு முருங்கையில் வேட்டி இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது.