நாற்காலியில் இருந்த பழகுநரை உரிமையாளர் என்று எழுதிய அறிக்கை பற்றி

அனுப்புநர்:
வே. அப்புசாமி,
உரிமையாளர் (தங்கள் அறிக்கையின்படி கூலியாள்),
பழனியாத்தாள் மோட்டார் வைண்டிங் ஒர்க்ஸ்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
சிறுதொழில் பழகுநர் உதவித்தொகைப் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: பழகுநர் ம. சண்முகப்ரியாவின் பதிவை ரத்து செய்து உதவித்தொகையை நிறுத்தியது – மறுபரிசீலனை வேண்டுதல்.

பார்வை: தங்கள் கடிதம், நாள் 8.7.1996.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது, இரண்டாம் முறை வரவில்லை.

1. பழகுநருக்கு நான் மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் அதில் பாதியை அரசு திருப்பித் தரும் என்ற திட்டத்தை நம்பித்தான், சென்ற அக்டோபரில் சண்முகப்ரியாவைச் சேர்த்தேன். என் பட்டறையில் ஆள் இருவர், நாற்காலி ஒன்று.

2. ஜூன் 12 அன்று தங்கள் ஆய்வாளர் வந்தார். அப்போது சண்முகப்ரியா அந்த ஒற்றை நாற்காலியில் அமர்ந்து, மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுகளை எண்ணும்போது யார் பேசினாலும் எண்ணிக்கை தவறிவிடும், கம்பி பாழாகும். ஆகவே, ஆய்வாளர் பேச வாயெடுத்ததும் சண்முகப்ரியா கையைக் காட்டி நிற்கச் சொன்னார். ஆய்வாளர் நின்றார். நானும் சத்தமில்லாமல் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்ததும், "டீ ஆறுதுங்க அம்மணி, மொதல்ல குடிங்க" என்று நான் டம்ளரை நீட்டியது உண்மை.

3. இவ்வளவையும் கண்ட ஆய்வாளர், பழகுநர் என்று காட்டப்பட்டவரே உரிமையாளர், உரிமையாளர் என்று சொல்லிக்கொள்பவர் கூலியாள், உதவித்தொகைக்காகப் பெயர் மாற்றி எழுதப்பட்டுள்ளது என்று முடிவு கட்டிவிட்டார். புறப்படும்போது சண்முகப்ரியாவிடம் கைகூப்பி, "வரேங்கம்மா" என்றார். என்னிடம், "கேட்டைச் சாத்துப்பா" என்றார். நானும் சாத்தினேன். இருபத்திரண்டு வருடம் முதலாளியாக இருந்தவன் ஒரே முற்பகலில் கூலியாளானேன். என் மனைவி நாச்சியம்மாள் அறிக்கையைக் கேட்டுவிட்டு, "உள்ளதத்தானுங்க எழுதியிருக்காரு" என்றார். அவர் சாட்சியைத் தாங்கள் ஏற்க வேண்டாம்.

4. ஆய்வாளர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் வெளி ஜில்லாவிலிருந்து மாறுதலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். நேரில் போய் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஒரு வழியும் சொன்னார். மறுபடி ஒரு நாள் வருவாராம். அன்று நான் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணை நாலு தடவை 'வா, போ' என்று அதட்டினால் போதுமாம், அறிக்கையைத் திருத்திவிடுவாராம்.

5. நாற்காலியில் உட்கார எனக்குத் தடையில்லை. மற்றதுதான் முடியாது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூர்க்காரன் குறுக்கே வரும் நாயைக்கூட 'நகருங்க' என்பான் என்று வெளியூரார் கேலி செய்வார்கள். ஆனால் எங்கள் 'ங்க' எல்லார் வீட்டு வாசலுக்கும் போனதில்லை. சண்முகப்ரியாவின் தாத்தா கருப்புசாமி, கோபி பக்கம் எங்கள் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். அவருக்கு எழுபது வயதான பிறகும் என் தகப்பனார் 'டேய்' என்றுதான் கூப்பிட்டார். நானும் யோக்கியன் இல்லை. முதல் இரண்டு மாதம் இந்தப் பெண்ணை 'ஏ புள்ள' என்றுதான் அழைத்தேன். டிசம்பரில் ஒரு கிணற்று மோட்டாரை அவர் தனியாகச் சுற்றி மாட்டினார். கரண்ட் வந்து தண்ணீர் பீய்ச்சியடித்ததும், "பாருங்க அம்மணி, ஏறிருச்சுங்க!" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது, முன்பே சொல்லியிருக்கலாமே என்று. வெளியே வந்ததை மறுபடி விழுங்க எனக்கு மனமில்லை.

6. இப்போது பதிவு ரத்தாகிவிட்டதால் பயிற்சி முடிவில் நடக்கும் அக்டோபர் தேர்வுக்கு அவர் உட்கார முடியாது. ஒரு வருடம்தான் என்று அவகாசம் கொடுத்த அவர் தகப்பனார் மயில்சாமி, தேர்வு இல்லையென்றால் நூல் மில்லுக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்குப் பாதித் தொகை வராவிட்டால் கை கடிக்கும், சமாளித்துக்கொள்வேன். அந்தப் பெண்ணுக்குப் போவது ஒரு தொழில்.

7. ஆகவே, பதிவை உடனே புதுப்பித்து, அவரைத் தேர்வுக்கு அனுமதிக்கவும், நிறுத்திய உதவித்தொகையை வழங்கவும் வேண்டுகிறேன். சந்தேகம் இருந்தால் தாங்களே நேரில் வரலாம். அவர் எண்ணிக்கொண்டிருந்தால் மட்டும் சற்று நிற்க வேண்டியிருக்கும்.

8. கடைசியாக ஒன்று. கவர்ன்மெண்ட் ஆபீசர் ஒருவர் தன்னைக் கைகூப்பிக் கும்பிட்டதை, சண்முகப்ரியா அன்றைக்கு வீட்டில் மூன்று முறை சொன்னாராம். மயில்சாமி சொல்லக் கேட்டேன். அறிக்கையின் மற்றப் பிழைகளையெல்லாம் திருத்துங்கள். அந்தக் கும்பிடு தவறுதலாகப் போடப்பட்டது என்று மட்டும் அந்தப் பெண்ணுக்குக் கடிதம் அனுப்பிவிட வேண்டாம்.

இடம்: சிங்காநல்லூர்
நாள்: 15.7.1996

இப்படிக்கு,
வே. அப்புசாமி
(உரிமையாளர்தான்)