கோல் கம்பமும் உன் அப்பாவும்

எல்க் ஃபோர்டு, மின்னசோட்டா
9 நவம்பர் 1947, ஞாயிறு

அன்பு மகள் மாரித்துக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. கர்த்தர் கிருபையில் நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபம். உன் அப்பாவுக்கு மட்டும் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியவில்லை. பயப்படாதே, வியாதி இல்லை, அறுபது வயசில் அடித்த கூத்துக்குக் கிடைத்த கூலி. தன் மருந்துக்கடைத் தைலத்தைத் தானே தேய்த்துக்கொண்டு காலையிலிருந்து முனகுகிறார். சர்ச்சுக்கும் வரவில்லை, வெட்கமாம். குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்று எழுதியிருந்தாய், அழுதால் அழட்டும், ராத்திரியெல்லாம் தூக்கிக்கொண்டே நடக்காதே. ஓரிகான் மழையில் நனைந்த துணியை அவனுக்குப் போடாதே.

போன கடிதத்தில் உன் தம்பியைப் பற்றிப் புலம்பியிருந்தேன் அல்லவா. போரில் பனிக்குழியில் கிடந்து வலது காலில் மூன்று விரலைக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளை, வந்ததிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். காலேஜ் ஃபுட்பால் கோச் இவனைக் கூப்பிட்டு, நீ ஓட வேண்டாம் ஐனார், உதைச்சா போதும் என்று சேர்த்துக்கொண்டார். உனக்கு இந்த ஆட்டத்தில் தலையும் புரியாது வாலும் புரியாது, அதனால் சொல்கிறேன், நம் ஆள் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு பாயிண்டு, தாண்டின பிறகுதான் H எழுத்து மாதிரி நிற்கிற கோல் கம்பத்துக்கு நடுவே பந்தை உதைத்து இன்னொரு பாயிண்டு எடுக்கலாம். அந்த ஒரு உதைதான் இவன் வேலை. செருப்புத் தைக்கிறவர் முனை சதுரமாக ஒரு பூட்ஸ் செய்து கொடுத்தார். சாயங்காலமானால் பின்கட்டில் துணிக்கொடிக்கு மேலே உதைப்பான், உன் அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் ஓடி ஓடிப் பந்தைப் பொறுக்கி வந்து வேட்டைநாய் மாதிரி நிற்பார். ஆனால் நம் டீம் கோட்டைத் தாண்டினால்தானே! பாதிப் பேர் பெண்டாட்டி பிள்ளைகளோடு டிரெய்லர் வண்டியில் குடியிருக்கிற பழைய சிப்பாய்கள், பாதி ஆட்டத்திலேயே முட்டி வலி என்பார்கள். எல்லா ஆட்டமும் தோல்வி, ஒன்றிலும் ஒரு பாயிண்டு கிடையாது. நம்ம பசங்களுக்கு எதிர்க்கோடு எந்தப் பக்கம்னு அம்பு போட்டுக் காட்டணும் என்று முடிவெட்டுகிற கடையில் சிரிக்கிறார்கள். ஐனார் அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். போன வாரம் என்னிடம், கடைசி ஆட்டம் முடிஞ்சதும் படிப்ப விட்டுட்டு டகோட்டாவுல தானியக் கிடங்கு வேலைக்குப் போறேம்மா, இங்க நான் யாருக்கும் பிரயோஜனமில்ல என்றான். உன் அப்பாவிடம் சொன்னேன், அவர் எழுந்து பந்துக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

நேற்று கடைசி ஆட்டம், ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரியோடு. முப்பத்துநாலுக்குச் சைபர். ஆட்டம் முடியப்போகிறது, ஜனங்கள் போர்வையைச் சுருட்டுகிறார்கள், அவர்கள் ஆள் பந்தை நழுவவிட்டான். நம் குண்டு ரூடி, அந்த இரட்டைப் பிள்ளைக்காரன், அதைக் கவ்விக்கொண்டு மூச்சிரைக்க ஓடிப்போய்க் கோட்டைத் தாண்டி விழுந்தான் பார், ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது! ஜெயித்த சந்தோஷத்தில்தானே இங்கே ஜனங்கள் கோல் கம்பத்தைச் சாய்ப்பார்கள், இவர்கள் இருபத்தெட்டு பாயிண்டு பின்னால் இருந்துகொண்டே மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். கம்பத்தில் தொங்கினவர்களில் ஒரு பழுப்புத் தொப்பி எனக்குத் தெரிந்த தொப்பி. நல்லா ஆட்டுங்கடா என்று கத்துகிறார் மனுஷன்! கம்பம் அடியோடு ஒடிந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால் ஐனார் அந்தச் சதுர பூட்ஸோடு நடு மைதானத்தில் நிற்கிறான், உதைக்க. உன் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அவரை அங்கேயே மொத்த வேண்டும்போல இருந்தது.

நடுவர், கம்பமில்லாம உதை கிடையாது, வேணும்னா உதைக்காம பந்தோட ஓடிப் பாருங்க என்றார். அக்கரைக் கேப்டன் நல்ல பிள்ளை, எங்களுக்கு ஆட்சேபணை இல்ல சார், ஒடிச்சவங்களே தூக்கிப் பிடிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறான். நடுவர் தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார். பத்துப் பன்னிரண்டு பேர் சேற்றில் நின்று கம்பத்தைத் தூக்கிப் பிடித்தார்கள், நட்டநடுவில் உன் அப்பா. ஐனார் உதைத்தான். பந்து உயரமாகத்தான் போனது, ஆனால் ஒதுங்கிப் போனது, போச்சே என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போது உன் அப்பா, இந்தப் பக்கம் இந்தப் பக்கம், நகருங்கடா என்று ஒரு கத்துக் கத்தினார். அத்தனை பேரும் கம்பத்தோடு தடதடவென்று ஓட, பந்து நடுவில் புகுந்து போயிற்று! நடுவர் வானத்தைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார், பாயிண்டுதான் என்று இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

ஐனார் பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தான். காலில் என்னவோ என்று அடித்துப்பிடித்து இறங்கி ஓடினேன். சிரிக்கிறான், மாரித். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறான். போருக்குப் போனதிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை, அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டில், இந்தப் பாயிண்டு உங்களோடதுப்பா, என்னோடதில்ல, அடுத்த வருஷம் நீங்க கம்பத்துகிட்டயே வரக்கூடாது, நான் நேரா போட்டுக் காட்டறேன் என்றான். உன் அப்பா முள்கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். நான் காப்பி எடுக்கிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உங்கள் மூவரையும் கர்த்தர் காக்கட்டும், குழந்தைக்கு ஆயிரம் முத்தம். அவன் பாத அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்ப மறக்காதே, சாக்ஸ் பின்ன வேண்டும். தம்பிக்கு எழுதும்போது, படிப்பை விட்டுவிட்டாயா என்று வாய்தவறிக்கூடக் கேட்டுவைக்காதே. அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டான்.

உன் அம்மா,
காரின்