எம்ப்ராய்டரிக்குக் கொண்டுவந்த கார்பன் தாள்கள்

அக்கா,

மாதம்மாவைப் போலீஸ் பிடித்துப்போய் இருபத்தாறு மணி நேரம் ஆகிவிட்டது. நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். பாப்பாவுக்குக் காரமில்லாத ரசம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பீரோ சாவி அரிசி டப்பாவில்.

நான் வேலை செய்யும் கடையில் கிரெடிட் கார்டை மெஷினில் வைத்துத் தேய்க்கும்போது, பில்லுக்கு நடுவிலுள்ள கார்பன் தாளிலும் எண்ணும் பெயரும் பதிந்துவிடும். அந்த எண்களில் யாரோ போலிக் கார்டு செய்து பெங்களூரில் நகை வாங்கியிருக்கிறார்கள். கடையில் குப்பை அள்ளுகிறவள், அவள்தான் தாள்களை எடுத்திருப்பாள் என்று மாதம்மாவைப் பிடித்துவிட்டார்கள். பாவம், அவளுக்குப் படிக்கவே தெரியாது.

அந்தத் தாள்கள் குப்பைக்கே போகவில்லை. நீ ஜாக்கெட்டில் டிசைன் பதிக்க, நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நேற்று, "ஊமை மாதிரி அழாதடி, என்னன்னு சொல்லித் தொலை" என்று கத்தினாய். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எப்படிச் சொல்வேன்?

என்மேல் கோபம் வந்தாலும் சாப்பிட்டுவிடு.

சுகந்தி

மூன்று மணிக்குப் பாப்பாவுக்கு மருந்து கொடு.

இதையும் நானே சொல்லிவிடுகிறேன், போலீஸ் வந்து சொல்ல வேண்டாம். போன மாதம் உன் தையல் பெட்டியைத் திறந்து ஒருவர் அந்தத் தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டிசைன் பார்க்கிறார் என்று நினைத்தேன். எண்களை எழுதிக்கொண்டிருந்தார். மாமாதான், அக்கா.